அவித்துக் குடித்த ஆராய்ச்சி

என் கணவர் கருவாட்டு வியாபாரி. கண்டக்குழியில் கடற்கரையோரமாக அவருக்கு ஒரு வாடி இருக்கிறது. கட்டாவும் பாரையும் சூடையும் அங்கே உப்பிட்டுக் காயும். காய்ந்ததை லொறியில் ஏற்றிப் புத்தளத்துக்கும் தம்புள்ளைக்கும் அனுப்புவார். நான் கொழும்பில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். மூளையில் உண்டாகும் அழற்சியும், அதனால் நரம்புக்கலங்கள் என்கிற செல்கள் மெல்ல மெல்லச் சாவதும்தான் என் ஆராய்ச்சி. கிழமை நாட்களில் கொழும்பில் ஒரு அறையில் தங்கியிருப்பேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பஸ் ஏறினால், பாலாவியில் இறங்கி கல்பிட்டி பஸ் பிடித்து வீடு வந்து சேர இருட்டிவிடும். ஞாயிறு பின்னேரம் திரும்பவும் பை தூக்குவேன். அவர் மீனைக் காய வைக்கிறார், நான் எலி மூளையை ஊற வைக்கிறேன் என்று எங்கள் வீட்டில் ஒரு பகிடி உண்டு.

ஒரு சனிக்கிழமை காலையில் பால் விடாத பிளேன்டிப் போத்தலோடு வாடிக்குப் போனேன். அவர் காய்ந்த கட்டாத் துண்டங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டத்தை எடுத்து, திருப்பிப் பார்த்து, விரலால் அமர்த்தி, நல்ல குவியலில் போட்டார். நின்ற இடத்திலிருந்தே எனக்கு அதன் நாற்றம் மூக்கில் ஏறியது.

"அது பழுதாப் போச்சே, மணக்கல்லயா?" என்றேன்.

அவர் அதைத் திரும்ப எடுத்து மூக்கருகில் பிடித்தார். "எது? இதா?"

பக்கத்தில் நின்ற அவருடைய தம்பி அந்தத் துண்டத்தை வாங்கி எறிந்தான். அண்ணனை நானா என்று கூப்பிடுகிற அவன், பிறகு நான் தனியாக விசாரித்தபோதுதான் சொன்னான்.

"நானாக்கு மணம் தெரியிறல்ல மதினி. கனகாலமா. தம்புள்ளையில இருந்து ஒரு சிப்பம் திரும்பியும் வந்திச்சு. அதுக்குப் பொறகு நான்தான் பின்னால நிண்டு பாத்துக்கொள்றன்."

கணவரிடம் கேட்டேன். "கொரோனா வந்து போனதோட மூக்குப் போச்சு. எத்தின பேருக்கு அப்பிடிப் போனது, இதென்ன புதினமா?" என்றார்.

புதினமில்லைதான். எனக்கும் அந்தக் காய்ச்சலில் மூக்கு அடைபட்டு, பிறகு திரும்பி வந்தது. சிலருக்கு வருடக்கணக்காகத் திரும்புவதில்லை என்பதும் தெரியும். ஆனால் எனக்கு வேறொன்றும் தெரிந்திருந்தது. பார்க்கின்சன் நோயில் கை நடுங்குவதற்கு வருடக்கணக்கு முன்னாலேயே மூக்கின் உணர்வு போய்விடக்கூடும். இதை மாணவர்களுக்குப் பலமுறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை, பழுதான மீனை மூக்கருகில் பிடித்துக்கொண்டு என்னை விளங்காமல் பார்த்த அந்த முகம், நான் படிப்பிக்கும் பாடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அதன்பிறகு எனக்கு நிம்மதி இல்லை.

தினமும் கூட இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று, கிழமைக்கு ஒரு முறை வருகிறவளுக்குத் தெரியும். போன கிழமை இருந்த ஆள் இந்தக் கிழமை கொஞ்சம் மாறியிருப்பார். நான் பார்க்கத் தொடங்கினேன். தொழப் பள்ளிக்குப் போகச் சட்டைப் பொத்தான் போடும்போது பார்த்தேன். சோறு பிசையும்போது பார்த்தேன். கடற்கரையில் மகளோடு கதைத்துக்கொண்டு முன்னால் போனவரைப் பின்னாலிருந்து பார்த்தேன். இடது கை இயல்பாக முன்னும் பின்னும் ஆடியது. வலது கை உடம்போடு ஒட்டியபடி வந்தது. வலது கையில் ஏதாவது பிடித்திருக்கிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். கை வெறுமையாக இருந்தது.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"என்ன புள்ள, எலியப் பாக்கிற மாதிரி என்னப் பாக்கிற?"

மகள் சிரித்தாள். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள், புத்தகத்திலிருந்து தலையை எடுத்து, "உம்மாக்கு எல்லாரும் எலிதான் வாப்பா" என்றாள். நானும் சிரித்தேன். கண்ணை மட்டும் அவருடைய வலது கையிலிருந்து எடுக்கவில்லை.

அன்று அஸர் தொழுதுவிட்டு வந்தவரைக் கடற்கரைக்கு நடக்கக் கூட்டிக்கொண்டு போனேன். சுற்றுலாக்காரர் தங்கும் கபானாக்களைத் தாண்டி, ஆள் இல்லாத இடத்தில் நின்று சொன்னேன். மணம் போனதையும், கை ஆடாமல் வருவதையும், அது எந்த நோயாக இருக்கலாம் என்பதையும், இல்லாமலும் போகலாம் என்பதையும் சொன்னேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"கொரோனாவாலயும் மணம் போகும்தானே?"

"ஓம். போகும்."

"அப்ப அதுதான். அப்பிடியே இரிக்கட்டும்."

"கை?"

"உப்பு மூட்டை தூக்கித் தூக்கித் தோள் பிடிச்சிருக்கு."

எனக்கும் அது தோள் பிடிப்பாக இருக்கவேண்டும் என்றுதான் ஆசை. அதனால் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பஸ்ஸில் இருந்து நுரைச்சோலை மின்நிலையத்துப் புகைபோக்கி மறையும் வரைக்கும், அடுத்த கிழமை எப்படியும் அவரை டொக்டரிடம் கூட்டிப்போவது என்று முடிவெடுப்பேன். வெள்ளிக்கிழமை வீட்டு வாசலில் அவர் சிரித்துக்கொண்டு நிற்பதைக் கண்டால் அந்த முடிவு தளர்ந்துவிடும்.

கடைசியில் அவரை அசைத்தது என் பேச்சல்ல, ஒரு தோணி.

எங்கள் ஆய்வுகூடத்தில் கடல்நீர் புகுந்து ஏரிபோலக் கிடக்கும் களப்பின் கரையில் வளரும் ஒரு கண்டல் மரத்தின் இலையைப் பரிசோதித்து வந்தோம். அந்த இலையிலிருந்து எடுக்கும் சாறு மூளையின் அழற்சியைத் தணிக்குமா என்பதுதான் எங்கள் கேள்வி. இலை பறிக்கக் கொழும்பிலிருந்து ஆள் அனுப்பத் தேவையில்லை. என் வீட்டுக்குப் பின்னால் களப்பு, தோணி வலிக்க என் கணவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரே என்னைக் கூட்டிப்போவார். எந்தக் கிளையில் எப்படிப்பட்ட இலை வேண்டும் என்பது என்னைவிட அவருக்கு மனப்பாடம்.

அந்த முறை போனபோது காற்றில்லை. களப்பு எண்ணெய் போலக் கிடந்தது. அவர் இரண்டு துடுப்பையும் வலித்தார். தோணி நேரே போகாமல் வலப்பக்கமாகத் திரும்பியது. நேராக்கினார். திரும்பவும் வலப்பக்கம். "நீரோட்டம்" என்றார். நீரோட்டம் இருக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும். சிறு வயதிலிருந்து அந்தக் களப்பில் தோணி வலித்தவர். மூன்றாம் முறை தோணி தன்பாட்டில் திரும்பி வந்த வழியைப் பார்த்து நின்றபோது துடுப்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, தன் வலது கையை மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இலை பறிக்கவில்லை.

"டொக்டர் ஆர்ட்டப் போகோணும்?" என்று கேட்டார்.

கொழும்பில் நரம்பு டொக்டரிடம் போனோம். டொக்டர் அவரைப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் தட்டச் சொன்னார், மணிக்கட்டைத் திருப்பச் சொன்னார், வெளியே நடையில் போய் வரச் சொன்னார். கணவர் சிங்களத்தில் பகிடி விட்டபடி எல்லாவற்றையும் செய்தார். வலது கையின் விரல்கள் முதலில் அகலமாகத் தட்டி, பிறகு சின்னதாகி, பிறகு நின்றுபோனதை நான் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். டொக்டர் என்ன சொல்லப்போகிறார் என்பது அவர் வாய் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பார்க்கின்சன்தான் என்று சொல்லி, மாத்திரைச் சீட்டு எழுதினார்.

"இந்தக் குளிசை சுகமாக்குமா?" என்று கணவர் கேட்டார்.

நடக்கவும் வேலை செய்யவும் நன்றாக உதவும், ஆனால் நோயை நிற்பாட்டாது, நிற்பாட்டுகிற மருந்து இன்னும் உலகத்தில் இல்லை என்று டொக்டர் பொறுமையாகச் சொன்னார். பிறகு என்னைக் காட்டி, "உங்கட வைஃப் மாதிரி ஆக்கள்தான் தேடிக்கொண்டிருக்கினம்" என்று தமிழிலேயே சொன்னார். நல்ல மனதோடு சொன்ன வார்த்தைதான். நான் மருந்துச்சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தேன்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அவர் ஆய்வுகூடத்தைப் பார்க்கவேண்டும் என்றார். கல்யாணம் முடித்து இத்தனை வருடத்தில் கேட்காதவர். கூட்டிப்போனேன். நுணுக்குக்காட்டியின் முன்னால் உட்கார வைத்து, எலி மூளையின் மெல்லிய வெட்டுத்துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினேன்.

"இது சுகமான மூளை. கபில நிறத்தில மெல்லிய கிளை விட்டு நிக்குதே, அதுதான் காவல் கலம். கிருமி வந்தா, ஏதும் சிதைஞ்சா, கூட்டித் துப்புரவாக்கிறது அதுட வேலை."

"மரம் மாதிரி இருக்கு."

"இப்ப இதைப் பாருங்க. அழற்சி வந்த மூளை. கிளையெல்லாம் உள்ளே இழுத்து உருண்டு திரண்டு நிக்குது. இப்பிடியே கனகாலம் நிண்டா, காக்கவேண்டிய நரம்புக்கலத்தையே நாசமாக்கும்."

அவர் கண்ணை எடுக்காமல் பார்த்தார். "என்ட தலைக்குள்ளயும் இப்பிடித்தானா?"

"இருக்கலாம். ஆனா அதுதான் முதல் காரணமா, இல்ல வேற காரணத்தால வந்த விளைவா எண்டு ஆருக்கும் சரியாத் தெரியாது."

மூன்றாவது துண்டை வைத்தேன். இலைச்சாறு கொடுத்த எலியின் மூளை. உருண்டு கிடந்த கலங்கள் பாதியளவு திரும்பக் கிளை விட்டிருந்தன. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அதில் அவ்வளவு வெளிச்சம் இருந்தது.

"இது எலி" என்றேன். "அதுவும் நாங்களே அழற்சி உண்டாக்கின எலி. உங்கட நோய் வருத்தம் உள்ள எலி இல்ல. சாறும் சும்மா சாறு இல்ல, என்னென்னவோ பிரிச்செடுத்தது. மனிசருக்குக் குடுக்க இன்னும் எவ்வளவோ வருசம் கிடக்கு. நடக்காமலும் போகும்."

"ஓம், ஓம். விளங்குது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் போட்ட ஒரே கட்டளை, இது வெளியில் போகக்கூடாது என்பதுதான். கருவாடு வாங்குகிறவன் என்ன நினைப்பான், மகளுக்கு நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசுகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். எங்கள் மூவருக்கும் தம்பிக்கும் மட்டும் தெரிந்த சங்கதியாக அது இருந்தது. குளிசை தொடங்கியது. சில கிழமைகளில் நல்ல மாற்றம் தெரிந்தது. பொத்தான் விரைவாகப் போட்டார். நடையில் பழைய வேகம் வந்தது. எனக்கு மூச்சு விட முடிந்தது. ஆனாலும் ஒவ்வொரு வெள்ளியும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவருடைய கையைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஆய்வுகூடத்தில் கையுறையோடு நின்றபோது மகள் எனக்கு ஃபோன் எடுத்தாள். அவள் அழுதபடி சொன்னது விளங்கவில்லை. பிறகு கணவரின் தம்பி ஃபோனை வாங்கிக் கதைத்தான்.

"மதினி, நானா குடலே வெளிய வாற மாதிரிச் சத்தியெடுத்துக்கொண்டே இருந்தார். எழும்பினவர் அப்பிடியே விழுந்திட்டார். நெத்தி வெடிச்சிட்டு. புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறம்."

"நினைவு இருக்கா? என்ன சாப்பிட்டார்? குளிசை கூடப் போட்டாரா?"

நினைவு இருக்கு என்றான். மற்றக் கேள்விகளை மழுப்பினான்.

"தம்பி, என்னெண்டு சொல்லுங்க."

"அந்த இலை, மதினி. ஒங்கட இலை. அவிச்சுக் குடிச்சுக்கொண்டு இருந்தவர். நான்தான் பறிச்சுக் குடுத்த. காலையில ஒரு கோப்பை, பின்னேரம் ஒரு கோப்பை. இண்டைக்குக் கொஞ்சம் கூட அவிச்சிட்டம்."

உடனே கொழும்பிலிருந்து புத்தளம் பஸ் ஏறினேன். சிலாபம் வரைக்கும் இருக்க இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, அந்த இலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். எலி மூளையில் அது என்ன செய்யும் என்று என்னால் ஒரு மணி நேரம் பேச முடியும். மனிதனின் ஈரலில் என்ன செய்யும், சிறுநீரகத்தில் என்ன செய்யும், அந்தக் குளிசையோடு சேர்ந்தால் இரத்த அழுத்தத்தை எவ்வளவு இறக்கும் என்று ஒன்றுமே தெரியாது. எலிக்குக் கொடுத்த அளவை மனித எடைக்கு மாற்றிக் கணக்குப் பார்க்க முயன்றேன். ஒரு கோப்பைக்கு எத்தனை இலை போட்டார்கள் என்று தெரியாமல் அது எங்கே முடியும்? பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா ஒருத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பித் தன் இடத்தைத் தந்தாள். உட்கார்ந்த பிறகும் கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வார்டில் அவர் கண் மூடிக் கிடந்தார். நெற்றியில் தையல், கையில் சேலைன். மகள் கட்டிலோரம் நின்று அவருடைய பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். இளம் டொக்டர் ஒருவர் என்னை அழைத்து, என்ன இலை, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். அடுத்த கேள்விக்கு, "தெரியாது. நான் அதைத்தான் ஆராய்ச்சி செய்யிறன், ஆனா தெரியாது" என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டு, ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தம் எடுத்து அனுப்பியிருப்பதாகவும், நாளைக்கும் எடுக்கவேண்டும் என்றும் சொன்னார்.

காத்திருந்தோம். முதல் முடிவில் ஈரல் பெறுமானம் கூடியிருந்தது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கூடியது. நான் ஆஸ்பத்திரி மர வாங்கில் உட்கார்ந்து ஓதிக்கொண்டே இருந்தேன். ஓதுகிற வாய் நின்றால் கணக்குப் பார்க்கிற மனம் தொடங்கிவிடும். அதற்கும் அடுத்த நாள் கூடுவது நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது. இனிப் பயமில்லை என்று டொக்டர் சொன்னபோது கணவர் எழும்பி உட்கார்ந்து பாணைப் பிய்த்துப் பருப்பில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் வராத கோபம் அப்போதுதான் எனக்கு வந்தது.

"எத்தின தரம் சொன்னன், எலி, எலி எண்டு?"

"சொன்னாய்தான்." அவர் பாணை வைத்துவிட்டார். "ஆனா குடிக்கத் தொடங்கினதோட எனக்கு நல்லாயிருந்திச்சு புள்ள. கை லேசாச்சு. சத்தியமா."

"அது குளிசை. ரெண்டையும் ஒண்டாத் தொடங்கினா எது செய்ததெண்டு எப்பிடித் தெரியும்?"

அவர் யோசித்தார். அது அவருக்குத் தோன்றியிருக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"நீ வருசம் வருசமா எண்டு சொன்னாய். எனக்கு அவ்வளவு வருசம் இல்ல. அதான்." பிறகு மெதுவாக, "அந்தக் கண்ணாடிக்குள்ள பாத்தன்தானே. திரும்பக் கிளை விட்டிருந்திச்சே" என்றார்.

அதற்கு மேல் என்னால் கோபப்பட முடியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மீதிப் பாணைச் சாப்பிடச் சொன்னேன்.

நான் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். அவர் அடுத்த புதன்கிழமை வீடு திரும்பினார். மறுநாள் பத்து மணிபோல ஒரு பெண் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். எங்கள் தெருவின், அந்த ஒழுங்கையின், கோடியில் இருப்பவள். கையில் ஒரு பை இருந்தது.

"ராத்தா, அந்த மூளைக்கு நல்ல இலை எதெண்டு காட்டித் தாங்களேன். எங்கட உம்மாக்கு ஆளையே மட்டுப்பிடிக்கத் தெரியுதில்ல. ஒங்கட புருசன்ட தம்பி சொன்னதாம், நீங்க கண்டுபிடிச்ச மருந்தெண்டு. நாங்களும் ரெண்டு நாளா அவிச்சுக் குடுக்கிறம், சரியான இலைதானோ தெரியல்ல."

முதலில் அவளை இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினேன். உம்மா கட்டிலில் உட்கார்ந்து மகனைப் பார்த்து வாப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சத்தியில்லை, மயக்கமில்லை. அவித்து வைத்திருந்த தண்ணீரை என் கையாலேயே ஊற்றினேன். அது வேறு மரத்தின் இலை. என்ன இலை என்று எனக்கே தெரியவில்லை. இன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று சொல்லி, பைக்குள் இருந்த இலையையும் கொண்டுபோகச் சொன்னேன்.

திரும்பி வந்து கணவரின் தம்பியைப் பிடித்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நானாவின் வருத்தத்தைச் சொல்லவில்லை, மூளைக்கு நல்லது என்று மட்டும்தான் சொன்னேன், நாலைந்து பேரிடம் சொல்லியிருப்பேன் என்றான். அந்த நாலைந்து பேர் எத்தனை பேரிடம் சொன்னார்கள்? ஒழுங்கையால் நடந்து போகும்போது ஒவ்வொரு குசினியிலிருந்தும் எழும்புகிற புகையைப் பார்த்து, இந்த வீட்டில் என்ன அவிகிறதோ என்று நினைத்தேன். மறதி, கை நடுக்கம், பாரிசவாதம், பிள்ளைக்கு வலிப்பு என்று எத்தனை வீடுகளில் எத்தனை வருத்தம்! எல்லாம் மூளைதானே. வீடு வீடாகப் போய்ச் சொல்லலாம் என்று தொடங்கினேன். இரண்டாவது வீட்டிலேயே ஒரு கிழவர், "மருந்தை நீங்களே வச்சுக்கொள்ளப் பாக்கிறீங்க போல" என்றார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் இதைச் சொல்லும்போது கணவர் உள்ளே படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் வெள்ளி. ஜும்ஆவுக்கு நேரத்தோடே குளித்து வெள்ளைச் சாரனும் சட்டையும் உடுத்தினார். நெற்றிக் காயம் ஆறவில்லை, இன்றைக்கு வீட்டில் தொழுங்கள் என்றேன். கேட்கவில்லை. தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு போனார்.

நானும் மகளும் குசினியில் நின்றோம். எங்கள் பள்ளியின் ஒலிபெருக்கி வீட்டுக்கு நன்றாகக் கேட்கும். தொழுகை முடிந்தது. வழக்கமாக அதோடு சத்தம் நின்றுவிடும். அன்று நிற்கவில்லை. மைக்கை யாரோ தட்டினார்கள். பிறகு என் கணவரின் குரல் வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். ரெண்டு வார்த்தை கதைக்க மௌலவிட்டக் கேட்டன்."

மகள் என் கையைப் பிடித்தாள். அவருடைய குரல் முன்னைப்போல இல்லை, மெலிந்திருந்தது. நோய் குரலையும் பிடிக்கும். வீட்டில் கதைக்கும்போது நான் கவனித்தும் கவனிக்காதது போல இருந்த அந்த மெலிவு, ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்டது.

"எனக்கு பார்க்கின்சன் எண்ட வருத்தம். மூளையில உள்ள நரம்பு பழுதாகிற வருத்தம். கொழும்பில காட்டி மருந்து எடுக்கிறன். இதை மறைச்சு வச்சிருந்தன். இப்ப சொல்ல வேண்டிய தேவை வந்திட்டு." கொஞ்சம் நின்றார். மூச்சு கேட்டது. "என்ட மனிசி ஒரு இலையை ஆராய்ச்சி செய்யிறா. அது மருந்தில்ல. மருந்தாகுமா எண்டு பாக்கிறா. நான் அவவிட்டக் கேக்காம அவிச்சுக் குடிச்சன். ஈரல் போகப் பாத்திச்சு. அல்லாஹ் காப்பாத்தினான். ஆரும் குடிச்சுக்கொண்டிருந்தா இண்டையோட நிப்பாட்டுங்க. குடுத்த ஆக்கள் டொக்டரிட்டக் கொண்டு காட்டுங்க. என்ட தம்பி சொன்னது அறியாமச் சொன்னது. அவனில கோவிக்க வேணாம்."

ஒலிபெருக்கி நின்றது. மகள் அழுதுகொண்டிருந்தாள். அடுப்பில் ஆணம் அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் நான் அசைந்தேன்.

அவர் வந்து கதிரையில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன்.

"கேட்டுதா?"

"கேட்டிச்சு."

"சத்தம் நடுங்கினதா?"

பொய் சொல்ல நினைத்தேன். "கொஞ்சம்" என்றேன்.

"மைக் பிடிச்ச கையும் நடுங்கினது. எல்லாரும் பாத்தாங்க." பிறகு, "பாத்தாப் பாக்கட்டும். சோறு போடு" என்றார்.

அன்று பின்னேரம் மூன்று வீடுகளிலிருந்து ஆள் வந்தது. குடிக்கக் கொடுத்தோம், என்ன செய்வது என்று கேட்டார்கள். எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஒருவருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஒழுங்கையின் கோடியில் இருந்த அந்த உம்மாவுக்கும் இரத்தத்தில் ஒன்றும் காணவில்லை. வராமல், சொல்லாமல், இன்னும் குடித்துக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்களா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தப் பயம் முழுதாகப் போகவில்லை.

ஆராய்ச்சியும் ஒரு முடிவுக்கு வந்தது. அடுத்த கட்டமாக, நரம்புக்கலங்கள் உண்மையிலேயே பழுதாகிற எலிகளில் அந்தச் சாறைக் கொடுத்துப் பார்த்தோம். காவல் கலங்கள் அமைதியாகின. நரம்புக்கலங்கள் பழையபடியே செத்தன. கலங்களை எண்ணிய ஆய்வு மாணவியிடம் மீண்டும் எண்ணச் சொன்னேன், பிறகு நானே உட்கார்ந்து எண்ணினேன். மாறவில்லை. அன்று பகல் சாப்பாட்டு நேரத்தில் கணவருக்குத்தான் முதலில் ஃபோன் எடுத்தேன்.

"சரிவரல்ல" என்றேன்.

"இலையா?"

"ஓம். அழற்சி அடங்கினது. ஆனா கலம் பிழைக்கல்ல."

வாடியில் பெண்கள் கதைப்பது பின்னால் கேட்டது.

"அப்ப இனி என்ன செய்யப்போற?"

"ஏன் பிழைக்கல்ல எண்டு பாக்கோணும். அடக்கினது பிந்திப் போச்சோ, அடக்காம விடவேண்டியதையும் அடக்கினமோ தெரியாது. அதுக்கு வேற மாதிரி ஒரு பரிசோதனை செய்யோணும்."

"செய்" என்றார். "நான் வைக்கிறன், லொறி வந்திட்டு."

போன கிழமை அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் குளிசையைக் கொஞ்சம் கூட்டினார். இடது கையிலும் இப்போது லேசாகத் தொடங்கியிருக்கிறது. அதை நான் இரண்டு கிழமைக்கு முன்பே கண்டுவிட்டேன், அவரும் கண்டிருந்தார், இருவரும் டொக்டர் சொல்லும் வரைக்கும் காத்திருந்தோம். திரும்பி வரும் பஸ்ஸில், மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம் கிடைத்தால் அங்கே குளிருக்கு என்ன உடுப்பு வாங்குவது என்று சிலாபம் வரைக்கும் கதைத்தார். பிறகு யன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். நான் தூங்கவில்லை. பாலாவி வரப்போகிறது என்று அவரை எழுப்பியபோது, இறங்க அவருக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. கண்டக்டர் ஒன்றும் சொல்லாமல் காத்து நின்றான். கீழே இறங்கியதும் சாரனைச் சரிசெய்துகொண்டு, கல்பிட்டி பஸ் நிற்கிற பக்கமாக அவர் எனக்கு முன்னால் நடந்தார்.